புதுப்பிப்பு: இஎம்ஐ மாறாமலே கடன் நீள்வது எப்படி

முந்தைய இழையில் ஃபிளாட் ரேட் (அசல் குறைந்தாலும் முழுக் கடன் தொகைக்கே கடைசி வரை வட்டி போடுவது) பற்றி எழுதியிருந்தேன்: 5 வருடக் கடனுக்கு ஃபிளாட் 10% என்றால், குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் அது சுமார் 17.3%. அதற்குக் கீழே பலரும் கேட்ட கேள்வி: "எனக்கு ஃப்ளோட்டிங் ரேட் (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி), இஎம்ஐ ஏறவே இல்லை, அப்புறம் என்ன நஷ்டம்?"

நஷ்டம் தவணைக் காலத்தில் ஒளிந்திருக்கிறது. 1,00,000 கடன், 8% வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 836. ஆரம்பத்திலேயே வட்டி 9% ஆகி, அதே 836-ஐக் கட்டிவந்தால் 240 மாதம் 304 ஆகிவிடும். 10% என்றால் 674 மாதம், அதாவது 56 வருடம்! அதற்குமேல் கொஞ்சம் ஏறினாலும் 836 வட்டிக்கே பத்தாது; கட்டக் கட்ட அசல் ஏறும். "இஎம்ஐ மாறாது சார்" என்று விற்பவர் இதைச் சொல்வதில்லை.

உங்கள் கடனும் இப்படி நீண்டிருந்தால், கடன் கொடுத்தவருக்குப் புகார் எழுதுமுன் மூன்று தாள்களை அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சாங்ஷன் லெட்டர் (கடன் ஒப்புதல் கடிதம்), வட்டி மாறிய தேதிகளின் பட்டியல், மாதவாரியாக அசல்-வட்டி பிரித்த ஸ்டேட்மென்ட். மூன்றாவதுதான் முக்கியம். அசல் கழிவு எந்த மாதம் சட்டென்று குறைகிறதோ, அந்த மாதத்தை வட்டி மாறிய தேதியோடு பொருத்திப் பாருங்கள். காலம் நீண்டதை உங்களுக்குத் தெரிவித்த கடிதம் எங்கே என்று கேளுங்கள்.

"ஏமாற்றிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்த மாதம், எவ்வளவு வித்தியாசம், என்ன திருத்தம் வேண்டும் என்று எழுதுங்கள். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.