சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியை ஏற்றாமல் நிறுத்தி வைக்கலாமா?

மாம்பலம்வாசி:
அப்பா கட்டின வீடு, 1,900 சதுர அடி. நான் பென்ஷன்ல இருக்கேன். 2022 ஏப்ரல்ல சென்னையில சொத்து வரியை ஏத்தினப்போ, பழைய மாநகராட்சிப் பகுதியில 1,800 சதுர அடியைத் தாண்டின குடியிருப்புக்கு 150 சதவீதம் கூட்டினாங்க. அரையாண்டுக்கு 4,000 கட்டினவன் 10,000 கட்டினேன். 2024ல மேல இன்னொரு 6 சதவீதம். மனை விலை கோடிக்குப் போயிருக்கலாம், அதுல ஒரு ரூபா என் கைக்கு வரல. தானே குடியிருக்கிற மூத்த குடிமக்களுக்கு வரியைப் பழைய தொகையிலயே நிறுத்தணும்.

கணக்குப்பிள்ளை:
சார், உங்கள் கஷ்டம் நிஜம். ஆனால் நிறுத்தி வைத்ததன் விளைவுதான் அந்த 150 சதவீதம். 1998க்குப் பிறகு 2018 வரை சென்னையில் பொதுச் சீராய்வு, அதாவது எல்லாச் சொத்துக்கும் வரியைப் புதிதாகக் கணக்கிடுவது, நடக்கவில்லை. 2018இல் ஏற்றினார்கள், அடுத்த ஆண்டே அந்த ஏற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்த ஏற்றம் ஒரே நோட்டீஸில் வந்தது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் நீங்களும் தாங்கியிருப்பீர்கள்.

கலிஃபோர்னியாவில் 1978இல் நீங்கள் கேட்பதைப் போலத்தான் செய்தார்கள். வாங்கிய விலைதான் அடிப்படை, மதிப்பை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது, கைமாறினால் சந்தை விலைக்குப் புது மதிப்பீடு. இன்று ஒரே தெருவில், ஒரே மாதிரி இரண்டு வீடு. நாற்பது வருஷமாக இருப்பவர் கட்டுவதைப்போல் பல மடங்கு, போன வருஷம் கடன் வாங்கி வந்த இளம் தம்பதி கட்டுகிறார்கள். 55 வயதுக்குக் குறைந்தவருக்கு வேறு வீட்டுக்கு மாற மனசு வராது, மாறினால் வரி எகிறும்.

வாடகைக்காரன்:
நாங்க யாருமே கண்ணுக்குத் தெரியலையா? வரி ஏறிச்சுன்னு எங்க ஓனர் வாடகையில 500 ஏத்தினார். குடியிருக்கிற ஓனருக்குச் சலுகை கொடுத்தா, குறையிற பணத்தை வாடகை வீட்டு மேலயும் கடை மேலயும்தானே போடுவாங்க?

கணக்குப்பிள்ளை:
தம்பி, 500 கூட்டினாலும் ஆள் கிடைக்கும் என்பதால்தான் ஏற்றினார். வரி ஏறாமல் இருந்திருந்தாலும் சீக்கிரமே கேட்டிருப்பார். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

புறநகர்வாசி:
2011ல மாநகராட்சியில சேர்ந்த பகுதி எங்களுது. எங்களுக்கு 25ல இருந்து 100 சதவீதம் வரை ஏறிச்சு, குறைவுதான். ஆனா தெருவுல பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க் லாரிக்குத் தனியா காசு. இன்னொண்ணு: இங்க வரி கட்டடப் பரப்பை வச்சு, தெருவுக்குத் தெரு வாடகை விகிதம் போட்டு வருது. எங்க பக்கத்துல பெரிய காலிமனையை வளைச்சுப் போட்டு விலை ஏறட்டும்னு காத்திருக்கார் ஒருத்தர். ரோடு போட்டா அவர் மனைக்குத்தான் முதல் லாபம். வீடு கட்டிக் குடியிருக்கிற நாங்கதான் அதிகம் கட்டறோம். மண்ணோட மதிப்பு மேல வரி போடுங்க, அப்புறம் சலுகையைப் பேசலாம்.

மாம்பலம்வாசி:
மேடம், மண்ணு மதிப்புக்குப் போட்டா தி.நகர்ல என் கதி என்ன? வீட்டை வித்துட்டுப் போகச் சொல்றீங்களா?

கணக்குப்பிள்ளை:
விற்க வேண்டாம் சார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது நிறைந்தவர்கள் குடியிருக்கும் வீட்டு வரியைத் தள்ளிப்போடலாம். அது வீட்டின் மேல் கடனாக வட்டியோடு ஏறும், விற்கும்போதோ பெயர் மாறும்போதோ அடைபடும். வரியும் குறையாது, நீங்களும் வெளியேற வேண்டாம்.

மாம்பலம்வாசி:
பிள்ளைங்க தலையில கடனை ஏத்தறதா?

வாடகைக்காரன்:
ஐயா, அவங்க கைக்கு வரப்போறது கோடி ரூபா வீடு. அதுல சில லட்சம் கழியும். என் பிள்ளைக்கு நான் விட்டுட்டுப் போக அட்வான்ஸ் பணம்தான் இருக்கு.

மாம்பலம்வாசி:
சரி, வட்டி எவ்வளவு? இப்போ தாமதத்துக்கு மாசம் 1 சதவீதம். அதே கணக்குன்னா முதல் வருஷ பாக்கிக்குப் பத்து வருஷத்துல வட்டி அசலைத் தாண்டிடும். பேங்க் டெபாசிட் வட்டிக்கு மேல போகாதுன்னு சட்டத்துல எழுதட்டும், நான் முதல் ஆளா கையெழுத்துப் போடறேன்.