மின்தடையில் இண்டர்காம் 40 நிமிடத்தில் நின்றுவிடுகிறது

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் உள்ள எங்கள் மொத்த வியாபார அலுவலகத்தின் இண்டர்காம் பெட்டிக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட் கொடுத்திருக்கிறோம். பெட்டி ஏறத்தாழ 60 வாட் இழுக்கிறது. 3 ஆண்டுகளுக்கு முன்பு நான்கு மணி நேரம் தாங்கியது, இப்போது 40 நிமிடத்தில் அணைந்துவிடுவதால் வெளியூர் வியாபாரிகளின் அழைப்புகள் தவறிப்போகின்றன. என்ன செய்யலாம்?

மறுமொழி: ஐயா, கணக்குப்படி 336 வாட்-மணி, அதாவது 60 வாட்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம், இருப்பதால் இழப்புகள் போக நீங்கள் முன்பு கண்ட நேரம் சரியானதே. மின்சாரத்தை நிறுத்தி, பெட்டி ஓடும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். தொடர் இணைப்பில் ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் பயனற்றுப்போகும். பேட்டரிகள் எங்கே இருக்கின்றன? ஈய-அமில பேட்டரிக்கு வெப்பம் 25 டிகிரியைத் தாண்டி 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது சாதாரண விஷயமன்று.

கேட்டவர்: தகரக் கூரைக்குக் கீழே, பரணில். மூன்றில் 12.3 வோல்ட், ஒன்றில் மட்டும் 10.1; அதன் பக்கவாட்டும் உப்பியிருக்கிறது.

மறுமொழி: அப்படியானால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் விரைவில் கெடும். பரணிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள்.

வேறொருவர்: வெளி இணைப்பு ஃபைபரா என்றும் பாருங்கள். பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சே மின்சாரம் அனுப்பியது, ஃபைபர் மோடத்துக்கோ நாம்தான் தனியாக பேக்கப் கொடுக்க வேண்டும்.