சப்வூஃபர் பெட்டிக்குள் பஞ்சு: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சப்வூஃபருக்கு (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) சொந்தமாகப் பெட்டி அடிப்பவர்கள் உள்ளே என்ன அடைத்தீர்கள், என்ன மாறியது என்று எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்து அங்குல டிரைவர் (கோனும் மாக்னெட்டும் சேர்ந்த ஸ்பீக்கர் பாகம்), காற்றுப் புகாமல் மூடிய 30 லிட்டர் பெட்டி. அந்த டிரைவருக்கு இடம் கொஞ்சம் நெருக்கடிதான். பேஸ் கிட்டார் கீழே இறங்கும்போது 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சுரம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சை வாங்கி, கட்டி இல்லாமல் பிரித்து உதறி, லிட்டருக்குப் பத்து கிராம் கணக்கில் 300 கிராம் நிரப்பினேன். இம்பீடன்ஸ் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் டிரைவர் காட்டும் மின் எதிர்ப்பு) அளந்தபோது சிகரம் 52 ஹெர்ட்ஸிலிருந்து 49க்கு வந்திருந்தது, உயரமும் குறைந்திருந்தது. முட்டிக்கொண்டிருந்த சுரம் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

பஞ்சு சத்தத்தை உறிஞ்சுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நடப்பது வேறு. பெட்டிக்குள் காற்று அமுங்கும்போது சூடாகும், அந்தச் சூடு காற்றை இன்னும் விறைப்பாக்கும். இழைகள் சூட்டை வாங்கிக்கொள்வதால் விறைப்பு குறைகிறது, டிரைவருக்குப் பெட்டி பெரிதானதுபோல ஆகிறது. கணக்குப்படி உச்சம் 1.4 மடங்கு. கைக்குக் கிடைப்பது 10 முதல் 20 சதவீதம், அவ்வளவுதான். திணித்து இறுக்கினால் இழைகளே இடத்தைப் பிடித்துக்கொண்டு பலன் திரும்பிப் போய்விடும். மூடிய பெட்டியில் கண்ணாடி இழை வைக்கும் வழக்கம் 1954இல் எட்கர் வில்ச்சூரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் காலத்திலிருந்தே இருக்கிறது.

---

அருமை நண்பரே. நான் கண்ணாடி இழைதான் போடுகிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள், அரிப்பு லேசில் போகாது. இன்னொன்று, மாக்னெட்டுக்குப் பின்னால் காற்றுத்துளை உள்ள டிரைவர் என்றால் இழை உள்ளே இழுக்கப்படும். பழுதுக்கு வந்த ஒரு டிரைவரின் கோனை விரலால் மெல்ல அழுத்தினேன், சரசரவென்று உரசியது. கம்பிச்சுருள் (காயில்) அசையும் இடைவெளி முழுக்கத் தூசியாக இழை. அப்போதிலிருந்து மெல்லிய துணிப் பைக்குள் வைத்துத் தைத்துவிட்டுத்தான் போடுகிறேன்.

---

போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டிக்கு இதெல்லாம் பொருந்தாது சகோ! தெரிந்தவர் ஒருவர் பெட்டியை முழுக்க அடைத்துக் கொண்டுவந்தார். போர்ட் வாயில் கை வைத்துப் பார்த்தால் காற்றே வரவில்லை, 35 ஹெர்ட்ஸுக்குக் கிட்டே உயிரே இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பின்சுவரில் மட்டும் ஒரு விரல் தடிமனுக்கு ஃபெல்ட் ஒட்டினோம், போர்ட்டின் உள்வாயைச் சுற்றி ஒன்றும் இல்லாமல் விட்டோம். தாளம் திரும்பி வந்தது.

சுவருக்கு நுரை ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், இரண்டு அங்குல நுரை அதை ஒன்றும் செய்யாது. 40 செ.மீ. இடைவெளியில் எதிரொலி நிற்பது 430 ஹெர்ட்ஸ் வாக்கில், 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடும் சப்வூஃபர் அங்கே போவதே இல்லை. தெர்மோகோல் இன்னும் மோசம். அதற்குள் காற்று போகாது, இருக்கும் இடத்தைத்தான் அடைக்கும்.

---

போர்ட் பற்றிச் சொன்னது ரொம்ப முக்கியம், நன்றி. பஞ்சு நாளடைவில் கீழே உட்கார்ந்துவிடுகிறதா என்று தனியாகக் கேட்டவருக்கு: உட்காரும். உள்ளே குறுக்காகக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஸ்டேப்ளர் அடித்து, மேல்பாதிப் பஞ்சை அதன்மேல் வையுங்கள். டிரைவரின் பின்பக்கம் நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள்.