வேண்டாம் என்று சொன்ன உலையின் மின்சாரத்தை வாங்கலாமா?

இடிந்தகரை மகள் (புனலூர்)
நான் பிறந்தது கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரை, வாக்கப்பட்டு வந்தது கேரளாவின் புனலூர். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. அந்த நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் 1987இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். கேரளாவில் கண்ணூர்ப் பக்கம் பெரிங்ஙோமில் அணு உலை வைக்கும் திட்டம் வந்தபோது, 1990களின் தொடக்கத்தில் மக்கள் திரண்டு தடுத்தார்கள். 2024இல் சீமேனி, அதிரப்பள்ளி என்று பேச்சு கிளம்பியதும் மறுபடியும் "எங்கள் மண்ணில் வேண்டாம்" என்ற குரல். அது அவர்கள் உரிமை. ஆனால் கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளிலிருந்து 266 மெகாவாட் கேரளாவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2012இல் லூர்து மாதா கோயில் பந்தலில் என் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியபடியே போராட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். பயம் அவளுக்கு, வெளிச்சம் எனக்கு. இது எந்த ஊர் நியாயம்?

செங்கோட்டைக்காரன்
அக்கா, அம்மாவின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே உலைகளில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 925 மெகாவாட். கர்நாடகாவுக்கும் புதுச்சேரிக்கும்கூடப் பங்கு உண்டு. எங்கள் செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. மின்சாரத்துக்கு எல்லைக்கல் கிடையாது.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் புகுஷிமாவில் உலைகள் நின்ற பிறகுதான் ஆபத்தே வந்தது. சுனாமியில் மின்சாரம் போய்விட்டது, எஞ்சிய சூட்டைத் தணிக்கும் பம்புகள் ஓடவில்லை. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்திலேயே அந்தச் சூட்டை வெளியேற்ற தனி ஏற்பாடு இருக்கிறது. எரிபொருள் உருகினால்கூடப் பிடித்து வைக்க உலைக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு.

இடமண் ரப்பர்
நான் கம்பிக்குக் கீழே குடியிருப்பவன். கூடங்குளம் மின்சாரத்தை இடமண்ணிலிருந்து கொச்சிக்குக் கொண்டுபோகும் 400 கிலோவோல்ட் லைன் எங்கள் தோட்டத்தின் மேலேதான் போகிறது. 148 கிலோமீட்டர். நிலத் தகராறில் பல வருடம் இழுத்து 2019இல்தான் முடிந்தது. விடியற்காலை ரப்பர் வெட்டப் போகும்போது, மழை ஈரமாக இருந்தால், தலைக்கு மேலே கம்பி சீறுவது நன்றாகக் கேட்கும். அதன் அடியில் இருந்த மரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். உயரமாக வளரும் எதையும் இனி அங்கே வைக்க முடியாது. மரவள்ளியும் அன்னாசியும் போட்டிருக்கிறேன். இருபது வருடம் பால் தரும் மரத்துக்கு அது ஈடாகாது.

இவ்வளவும் எதற்கு? 2024 கோடையில் கேரளாவின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் 266 என்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லையே. கூரைக்குக் கூரை சூரியத் தகடு போட்டால் போதாதா?

செங்கோட்டைக்காரன்
அண்ணாச்சி, அந்த உச்சம் வந்தது ராத்திரியில். ஏசியும் வண்டி சார்ஜும் ஏறும் நேரம், வெயில் இருக்காது. இரண்டு உலையும் முழுசாக ஓடினால் 266 மெகாவாட் என்பது ஒரு நாளைக்குச் சுமார் 64 லட்சம் யூனிட், ராத்திரி பகல் பாராமல். இடுக்கி 780 மெகாவாட் நிலையம், ஆனால் அணையில் தண்ணீர் இருந்தால்தான். கேரளாவில் நிலக்கரியும் கிடையாது.

கதிர்வீச்சு பற்றியும் ஒன்று. கேரளாவின் சவறா, கருநாகப்பள்ளி கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். அங்கே பல வருடம் ஆய்வு செய்தும் அதனால் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை.

இடிந்தகரை மகள் (புனலூர்)
தம்பி, மணலையும் எரிந்து முடிந்த எரிபொருளையும் ஒன்றாக வைக்காதே. மணல் எப்போதும் கிடப்பது. எரிந்து முடிந்தது உலையிலிருந்து வெளியே வரும்போது பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. வருடக்கணக்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக் குளிரவிட வேண்டும். அந்தத் தொட்டி இருப்பது கூடங்குளம் வளாகத்தில்தான். அதே வளாகத்தில் கட்டுமானம் நடப்பது இன்னும் நான்கு உலைகள்.

இன்னொன்று. உலையை நடத்துவது அணுசக்தித் துறையின் கீழ் உள்ள நிறுவனம். அதைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நெடுங்காலம் அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாக இருந்தது. துறையின் செயலாளரே ஆணையத்தின் தலைவர். 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று எழுதினார். அரசு நிறுவனம் என்பதற்காகவே நம்பு என்றால் எப்படி நம்புவது?

செங்கோட்டைக்காரன்
வாரியம் பற்றிச் சொன்னது சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கண்காணிப்பவர் தனியாக இருந்தால் உலையில் வேலை செய்கிறவர்களுக்கும் நல்லது. கழிவு விஷயத்திலும் 2013 மே மாதம் உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே 15 உத்தரவுகள் போட்டிருக்கிறது. ஆனால் அதற்காக உலையை மூடு என்றால் ஒப்பமாட்டேன். மூடினால் அந்த இடத்தில் வரப்போவது நிலக்கரி.

இடிந்தகரை மகள் (புனலூர்)
மூடு என்று இங்கே நான் எழுதவில்லையே. பங்கு வாங்குகிறவர்கள் கழிவிலும் பங்கெடுக்க வேண்டும் என்கிறேன். கேரள மின்வாரியம் 266 மெகாவாட்டுக்குக் கணக்குக் கேட்கிறது. "அந்தத் தொட்டியில் எவ்வளவு கிடக்கிறது, எப்போது அங்கிருந்து எடுப்பீர்கள்" என்றும் கேட்கட்டும். வாங்குகிறவன் கேட்டால் அதற்கு எடை வேறு. அம்மா மாதிரி ஆட்கள் கேட்டபோது வழக்குதான் வந்தது.

இடமண் ரப்பர்
அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. மின்கட்டண விசாரணையில் பொதுமக்கள் எழுத்தில் மனு கொடுக்கலாம். கம்பி போகும் வழியில் இருக்கிறவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம்.

இடிந்தகரை மகள் (புனலூர்)
எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது.

இடமண் ரப்பர்
நீங்கள் தமிழில் அனுப்புங்கள். மலையாளத்தில் நான் எழுதித் தருகிறேன். மரவள்ளி பிடுங்கும் வேலை இந்த வாரம் முடிந்துவிடும்.

செங்கோட்டைக்காரன்
ஒழுங்குமுறை வாரியத்தின் சுதந்திரம் பற்றியும் ஒரு வரி சேருங்கள் அக்கா. அந்த வரியை நானே எழுதி அனுப்புகிறேன்.