வணிகக் கட்டடத்தின் கதவுகளுக்கு எந்தப் பூட்டு? பின்படிக்கட்டுக் கதவை இரவில் பூட்டலாமா?

கேள்வி: ஈரோட்டுவாசி

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் மூன்று தளங்கள் கொண்ட சிறிய வணிகக் கட்டடம் ஒன்றைக் கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிறோம். தரைத்தளத்தில் ரோலிங் ஷட்டர் போட்ட கடைகள், முதல் தளத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகமும் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகமும், இரண்டாம் தளம் முழுவதும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் என்று வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறோம். மேல்தளங்களுக்குச் செல்லும் பொது வாசலில் 12 மி.மீ. டஃபன்டு (உலையில் சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடிக் கதவு, அலுவலகங்களுக்கு 35 மி.மீ. ஃப்ளஷ் கதவு, பின்புறத்து அவசரப் படிக்கட்டுக்கு வெளிப்புறமாகத் திறக்கும் இரும்புக் கதவு என்பது ஏற்பாடு.

வீட்டுக்குப் போடுகிற பூட்டே இதற்கும் போதும் என்கிறார் ஆசாரி. பின்படிக்கட்டுக் கதவுக்குச் சங்கிலியும் பெரிய தொங்கு பூட்டும் இல்லாமல் இரவில் பொறுப்பேற்க முடியாது என்கிறார் காவலாளி. பயிற்சி மையத்தில் இரவு ஒன்பதரை வரை வகுப்பு நடக்கும். ஏற்றுமதி அலுவலகத்தார் அட்டை காட்டித் திறக்கும் கதவு கேட்கிறார்கள். எந்தக் கதவுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, பொருத்தும்போது எதைக் கவனிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: திண்டுக்கல் பூட்டுக்கடை

வணக்கம் ஐயா. எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் எல்லாக் கதவுக்கும் தொங்கு பூட்டை விற்றுவிட வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை லீவர் (பூட்டுக்குள் சாவி நகர்த்தும் தகடுகள்) என்றுதான் கேட்கிறார்கள். கதவு எவ்வளவு கனம், சட்டம் மரமா அலுமினியமா, எந்தப் பக்கம் திறக்கும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. பூட்டைத் தீர்மானிப்பது அந்த விவரங்கள்தாம்.

உங்கள் அலுவலகக் கதவுகளுக்கு மார்டைஸ் பூட்டும் (கதவின் கனத்துக்குள் பள்ளமெடுத்துப் பதிப்பது) அதில் தனியே கழற்றி மாற்றக்கூடிய யூரோ சிலிண்டரும் (சாவி நுழையும் உருளை) போடுங்கள். வாடகைதாரர் காலி செய்யும்போது பூட்டு முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. கதவின் விளிம்பில் இருக்கும் ஒரே திருகைக் கழற்றி, சாவியைச் சற்றுத் திருப்பிச் சிலிண்டரை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். வாங்கும்போது வெளிப்பக்கம் சாவியும் உட்பக்கம் கையால் திருகும் குமிழும் உள்ள வகையைக் கேளுங்கள். இருபுறமும் சாவி கேட்கும் சிலிண்டர் போட்டால், உள்ளே இருப்பவர் அவசரத்தில் சாவியைத் தேட வேண்டியிருக்கும்.

சிலிண்டரின் நீளத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கதவு 35 மி.மீ., இருபுறமும் கைப்பிடித் தகடு பத்துப் பத்து மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 55 வருகிறது, 60 மி.மீ. சிலிண்டர் போட்டால் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மி.மீ. மட்டுமே வெளியே தெரியும். கையிருப்பில் இருப்பது 70 என்று அதைப் பொருத்திவிட்டால் ஒவ்வொரு பக்கமும் ஏழரை மி.மீ. துருத்தி நிற்கும். அந்தத் துருத்தலைப் பிளையரால் கவ்வி முறுக்கினால், நடுவில் திருகு போகும் துளையிருக்கும் மெலிந்த இடத்தில் சிலிண்டர் இரண்டாக முறிந்துவிடும். அதன் பிறகு உள்ளிருக்கும் பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பயனில்லை. வெளிவாசல் பக்கம் உள்ள கதவுக்காவது முறிப்பையும் துளைப்பையும் தாங்கும் வகையை வாங்குங்கள்.

பள்ளம் எடுக்கும் வேலையை அவசரப்படுத்த வேண்டாம். பூட்டின் உடல் ஏறக்குறைய 15 மி.மீ. கனம் இருக்கும், 35 மி.மீ. கதவில் அதை இறக்கினால் இருபுறமும் பத்து மி.மீ. மரம்தான் மிஞ்சும். உளி கோணலாக இறங்கினால் ஒரு பக்கம் அட்டை போல மெலிந்து, சில மாதங்களில் கைப்பிடி ஆடத் தொடங்கும். பூட்டு வரும் இடத்தில் உள்ளே கட்டை வைத்த கதவுதானா என்று கதவுக் கடையில் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். நிலையில் பதிக்கும் தகட்டுக்கு, கூடவே வரும் குட்டைத் திருகுகளை ஒதுக்கிவிட்டு, நிலையின் மரத்துக்குள் ஆழமாக இறங்கும் நீளத் திருகுகளைப் போடச் சொல்லுங்கள். உதைத்தால் முதலில் பிய்வது பெரும்பாலும் அந்தத் தகடுதான், பூட்டு அல்ல.

சிலிண்டருக்குள் தேங்காய் எண்ணெய் விடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. எண்ணெய் தூசியைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும். கிராஃபைட் பொடி போதும்.

மறுமொழி 2: தீப்பாதுகாப்பு ஆலோசகர், கோவை

பின்படிக்கட்டுக் கதவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காவலாளி கேட்கும் சங்கிலியையும் தொங்கு பூட்டையும் அனுமதிக்காதீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி, வெளியேறும் கதவுகள் எந்தப் பக்கத்தாருக்காக வைக்கப்பட்டிருக்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து சாவியின்றித் திறக்கக்கூடியனவாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது; அவை வெளியேறும் திசையில் திறக்க வேண்டும் என்றும், அகலம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுத்திருக்கிறது. வெளிப்புறமாகத் திறக்கும்படி கதவை அமைத்திருப்பது நல்லது. அதன் பயனைப் பூட்டால் கெடுத்துவிட வேண்டாம்.

1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கத் தீயில் 59 பேர் இறந்தார்கள். கீழே மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை மேலே பால்கனிக்குள் புகுந்தபோது, அங்கிருந்து வெளியேறும் கதவு தாழிடப்பட்டிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது சுடர் அல்ல, மூச்சுத் திணறல். உங்கள் கட்டடத்திலும் அதிகம் பேர் கூடுவது மேல்தளத்தில், அதுவும் இரவு நேரத்தில் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதவுக்குப் பொருத்த வேண்டியது பேனிக் பார். குறுக்காக இருக்கும் தண்டை உடம்பால் தள்ளினாலே கதவு திறந்துவிடும்; இருட்டிலோ புகையிலோ கைப்பிடியைத் தேட வேண்டியதில்லை. வெளிப்பக்கம் கைப்பிடியே வைக்காமல் விடலாம், அல்லது சாவியால் மட்டும் திறக்கும் கைப்பிடி வைக்கலாம். ஆகவே வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. காவலாளியின் கவலை உள்ளிருந்து யாராவது பொருளைத் தூக்கிக்கொண்டு பின்வழியாக நழுவிவிடுவார் என்பதானால், தண்டைத் தள்ளியதும் அலறும் மணியோடு வரும் வகை இருக்கிறது. கதவு ஒற்றை இலையா இரட்டை இலையா என்று சொல்லி வாங்குங்கள். இரட்டையானால் மேலும் கீழும் கம்பி இறங்கும் வகையும், இலைகள் சரியான வரிசையில் மூட உதவும் கருவியும் தேவைப்படும். கதவைத் தானே மூட வைக்கும் டோர் குளோசரை மறக்க வேண்டாம்; கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கப்பட்ட தீக்கதவு புகையைத் தடுக்காது.

மறுமொழி 3: அலுவலக நிர்வாகி, சென்னை

அட்டைக் கதவைப் பற்றி நான் சொல்கிறேன். பொதுவாகப் பொருத்தப்படுவது மின்காந்தப் பூட்டு. சந்தையில் 600 பவுண்டு என்று விற்பது சுமார் 270 கிலோ இழுவையையும், 1200 பவுண்டு என்பது அதில் இரு மடங்கையும் தாங்கும். மின்சாரம் நின்றால் கதவு தானே விடுபட்டுவிடும். ஆட்கள் வெளியேற அது நல்லது, ஆளில்லாத இரவில் ஆபத்து. ஆகவே மின்தடையின்போது கைகொடுக்கும் பேக்கப் பேட்டரி வைத்துக்கொள்வதோடு, அதே கதவில் சாவிப் பூட்டும் இருந்தாக வேண்டும்; கடைசியாகப் போகிறவர் அதைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தீ எச்சரிக்கைக் கருவி இருந்தால், அது ஒலித்தவுடன் காந்தத்துக்குப் போகும் மின்சாரம் அறுபடும்படி இணைக்கச் சொல்லுங்கள். உட்பக்கம் வெளியேறும் பொத்தானும் வேண்டும்.

பொருத்துபவர்கள் ஒன்றைக் கெடுப்பார்கள். கதவின் மேல் பொருத்தும் இரும்புப் பட்டை, ரப்பர் வளையத்தின் மேல் சற்று அசைய வேண்டும். அப்போதுதான் காந்தத்தின் முகத்தோடு அது முழுமையாகப் படியும். ஆடுகிறதே என்று நினைத்துத் திருகை இறுக்கி முடுக்கிவிட்டால் ஓரம் மட்டும் ஒட்டும், இழுவை பாதிகூடக் கிடைக்காது. வேலை முடிந்ததும் பட்டையை விரலால் அசைத்துப் பாருங்கள்.

சாவிகளுக்கு மாஸ்டர் சாவி முறையை (ஒவ்வொரு கதவுக்கும் தனிச் சாவி, எல்லாவற்றையும் திறக்க ஒரு பொதுச் சாவி) இப்போதே கேட்டு வாங்குங்கள்; தனித்தனியாகச் சிலிண்டர் வாங்கிய பிறகு அதற்கு மாறுவது எளிதல்ல. மாஸ்டர் சாவி யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவேடு இருக்கட்டும். காவலாளியிடம் அது நிரந்தரமாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஈரோட்டுவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சங்கிலி யோசனையைக் கைவிட்டுவிட்டோம். மணியோடு கூடிய பேனிக் பார் வாங்குவது என்று முடிவாகியிருக்கிறது. இன்னும் இரண்டு கேள்விகள். கண்ணாடிக் கதவுக்கு அளவு கொடுத்தாயிற்று, டஃபன் செய்ய இன்னும் அனுப்பவில்லை. இப்போது பூட்டைத் தீர்மானிக்க வேண்டுமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா? ஷட்டர்களுக்குக் கீழே இரு ஓரத்திலும் தொங்கு பூட்டு வைத்தால் போதுமா?

மறுமொழி 4: கண்ணாடி, அலுமினிய வேலை, சேலம்

ஐயா, இன்றே தீர்மானியுங்கள். டஃபன் செய்த கண்ணாடியை அதற்குப் பின் வெட்டவோ துளையிடவோ முடியாது. துளைக்க முயன்றால் முழுப் பலகையும் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். பூட்டு, கைப்பிடி, மேல்கீழ் பேட்ச் (கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் உலோகத் துண்டு) ஆகிய அனைத்துக்குமான வெட்டுகளும் துளைகளும் படத்தில் குறிக்கப்பட்டு, பொருத்தப்போகும் நிறுவனத்தின் அளவுத்தாளோடு ஒப்பிடப்பட்ட பிறகே கண்ணாடி உலைக்குப் போக வேண்டும்.

பூட்டு கீழே வரும் வகையானால், அதன் நாக்கு தரையில் பதித்த குழிக்குள் இறங்கும். மாப் போடும் தண்ணீரும் மண்ணும் அந்தக் குழியில் சேர்ந்து நாக்கு பாதியோடு நின்றுவிடும். சாவி திரும்பிவிட்டதால் பூட்டியதாக நினைத்துப் போய்விடுவார்கள். பெருக்குபவர் நாள்தோறும் அதைத் துடைக்க வேண்டும். நாளடைவில் நாக்கு குழிக்கு நேராக இறங்காமல் போனால், நாக்கை அராவுவதற்கு முன் ஃப்ளோர் ஸ்பிரிங்கை (கதவைத் தாங்கித் தானே மூட வைக்கும், தரையில் பதித்த கருவி) பாருங்கள். பெரும்பாலும் கதவுதான் நகர்ந்திருக்கும். கடைசியாக இன்னொன்று: தரைக் கல் பதித்து முடிந்த மட்டத்திலிருந்துதான் கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும்.

ஷட்டருக்கு ஓரப் பூட்டுகள் மட்டும் போதாது. அகலமான ஷட்டரின் நடுவில் ஜாக்கியோ கடப்பாரையோ வைத்து உயர்த்தினால் கீழ்ப்பட்டை வில்லாக வளைந்து ஆள் நுழையும் இடைவெளி கிடைத்துவிடும். இரு பக்க வழித்தடங்களுக்குள்ளும் கம்பி பாயும் நடுப்பூட்டு ஒன்றும், தரையில் கான்கிரீட்டுக்குள் பதித்த வளையம் ஒன்றும் நடுப்பகுதியில் இருக்கட்டும். தொங்கு பூட்டில் வளைவுக் கம்பி வெளியே அதிகம் தெரியாத வகையை வாங்கினால் வெட்டுக் கத்தரிக்குப் பிடி கிடைக்காது. கொண்டியை மரத்திருகால் முடுக்காமல் பற்றவைத்துவிடுங்கள். கடையில் உள்பக்கம் ஆள் தங்கி வேலை செய்வதாக இருந்தால், அவர் உள்ளிருக்கும்போது வெளியே பூட்டும் பழக்கம் கூடவே கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.