ஸ்பிளெண்டர் மீட்டர் முள் 60 காட்டுது, வண்டி ஓடுறது 48 தான். மீட்டரை மாத்தணுமா?

பழைய_ஸ்பிளெண்டர்:
2001 மாடல். மீட்டர் கேபிள் புதுசு போட்டதுல இருந்து முள் கூடுதலா காட்டுது. முள் 60-ல போன் ஜிபிஎஸ் 48, முள் 40-ல 32. மெதுவா போனா முள் ஆடுது. முன் டயர் அதே 2.75-18. பின்னாடி 3.00-18 போட்டிருக்கு, அதனாலயா? முழு மீட்டரையும் மாத்தச் சொல்றாங்க.

முன்சக்கரம்:
பின் டயர், செயின் ஸ்பிராக்கெட் எதுக்கும் இதுல சம்பந்தம் இல்ல. இந்த வண்டில மீட்டர் ஓடுறது முன் வீல் ஹப்புல இருக்கிற கியர்ல.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஹைவேல கிலோமீட்டர் கல் பார்த்து 10 கி.மீ. ஓட்டி, மீட்டர்ல கிலோமீட்டர் எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க. அந்த எண்கள் பல்சக்கரம் வழியா நேரா கேபிளோட இணைஞ்சது. முள் அப்படி இல்ல. கேபிள் ஒரு காந்தத்தைச் சுத்தும், காந்தம் தொடாமலே அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், ஹேர் ஸ்பிரிங்குன்னு மெல்லிசான சுருள் கம்பி அதை எதிர்த்துப் பிடிக்கும். ரெண்டும் சமமாகிற இடத்துல முள் நிக்கும். அதனால எண் 12.5 ஏறினா கோளாறு கீழ முன் வீல் பக்கம், வேற வண்டி கியர் மாட்டியிருக்கலாம். சரியா 10 ஏறினா மீட்டருக்குள்ள.

ஹப்_கியர்:
முன் டயர் மேல சந்தேகம் வேண்டாம். 2.75-க்குப் பதிலா 90/90-18 போட்டாக்கூட சுற்றளவு 3-4% தான் கூடும், அப்பவும் முள் குறைச்சுத்தான் காட்டும். 25% கூடுதலா காட்ட டயரால ஆகாது.

பழைய_ஸ்பிளெண்டர்:
10 கி.மீ.க்கு சரியா 10 ஏறுது அண்ணா. மீட்டர் பக்கம் கேபிளைக் கழட்டினேன், முனையில கிரீஸ் வழியுது.

முன்சக்கரம்:
அப்போ காரணம் கிரீஸ்தான் தம்பி. கேபிளுக்குள்ள அடைச்சா, கம்பி சுத்தச் சுத்த கிரீஸ் மேல ஏறி மீட்டருக்குள்ள போகும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல வெறும் காத்து மட்டும்தான் இருக்கணும். அங்க பசை இருந்தா கிண்ணத்தைச் சேர்த்து இழுக்கும், முள் கூடுதலா ஏறும்.

கேபிள்ல இருந்து உள் கம்பியை உருவித் துடைங்க. கீழ் முக்கால் பாகத்துக்கு மட்டும் விரலால மெலிசா கிரீஸ் தடவுங்க. மேல 15 செ.மீ. காய்ஞ்சே இருக்கட்டும். கம்பியைத் தரையில நீட்டி ஒரு முனையை உருட்டிப் பாருங்க. மறுமுனை துள்ளினா கம்பி வளைஞ்சிருக்கு, முள் ஆடுறது அதனாலதான், கம்பியை மாத்திடுங்க. ஹேண்டில் கிட்ட கேபிள் ஒடிஞ்ச மாதிரி திரும்பக் கூடாது.

அடுத்து மீட்டரைத் திறங்க. முள் ஓய்வுல நிக்கிற இடத்தை முதல்லயே போட்டோ எடுத்துடுங்க. முள்ளைக் கையால சுத்தவோ பிடுங்கவோ வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊசி சிரிஞ்சுல எடுத்து, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல சொட்டுச் சொட்டா விட்டு, பஞ்சு முனையால ஒத்தி எடுங்க. பசை வராத வரைக்கும் திரும்பத் திரும்ப. பெட்ரோல் கூடாது, டயல் பெயிண்டும் பிளாஸ்டிக்கும் போயிடும். ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒண்ணை ஒண்ணு ஒட்டாம இருக்கான்னு கவனிங்க. நல்லா காய்ஞ்ச பிறகு மூடுங்க.

ஹப்_கியர்:
முன் வீலைக் கழட்டினா ஒண்ணு கவனம். மீட்டர் கியர் வளையத்துல இருக்கிற ரெண்டு காதும் ஹப் பள்ளத்துல உட்காரணும். உட்காராம ஆக்ஸிலை இறுக்கினா காது நசுங்கி மீட்டர் மொத்தமா நின்னுடும். கியருக்கும் கிரீஸ் கொஞ்சமா போதும். மிஞ்சினது டிரம்முக்குள்ள போனா பிரேக் பிடிக்காது.

பழைய_ஸ்பிளெண்டர்:
சுத்தம் பண்ணியாச்சு. ஆட்டம் நின்னுடுச்சு. இப்போ முள் 60-ல ஜிபிஎஸ் 55. இதையும் சரி பண்ணணுமா?

முன்சக்கரம்:
வேண்டாம், விட்டுடுங்க. மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டவே கூடாது. கொஞ்சம் கூடுதலா காட்டலாம். வண்டி வேக மீட்டருக்கான ஐ.நா. 39-ஆம் விதிமுறையே உண்மை வேகத்துல 10 சதவீதமும் மேல 4 கி.மீ.யும் வரை அனுமதிக்குது. 55-க்கு 60 அதுக்குள்ள அடங்கிடும். இதுக்காக ஹேர் ஸ்பிரிங்கைத் தொட்டா உள்ளதும் கெடும்.