வீடு எரிந்து தெருவுக்கு வந்தவருக்கும் அபராதமா?

செங்கல்சூளை:

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 28-ல் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் கொடுத்த தீர்ப்பை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். ஓரிகான் மாநிலத்தில் 38,000 பேர் இருக்கிற சின்ன ஊர் அது. வழக்கு நடந்த காலத்தில் அங்கே இருந்த விதிப்படி, பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம், கட்டாவிட்டால் அது 537 டாலருக்கு மேல் ஏறும், மறுபடியும் மாட்டினால் பூங்காவுக்குள் வரத் தடை, தடையை மீறினால் 30 நாள் வரை சிறை. இதில் அரசியல் சாசனம் தடுக்கிற கொடூரமான தண்டனை ஒன்றும் இல்லை என்று 6 நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், 3 பேர் மறுத்திருக்கிறார்கள்.

என் சந்தேகம் வேறு. காட்டுத்தீயிலோ புயலிலோ வீட்டைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கூடாரத்தில் படுத்தால் அவர்களையும் இதே சட்டம் பிடிக்குமா? விலக்கு ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "போதைக்காரர்கள்தான் தெருவில் கிடக்கிறார்கள்" வகைப் பதில் வேண்டாம், அதை வாட்ஸ்அப்பில் போதுமான அளவு படித்துவிட்டேன்.

வாய்தா வக்கீல்:

பிடிக்கும். சட்டம் பார்ப்பது நீங்கள் எங்கே படுத்திருக்கிறீர்கள் என்பதைத்தான், ஏன் படுத்திருக்கிறீர்கள் என்பதை அல்ல. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச்சின் வாதமே அதுதான். இந்த விதி வீடில்லாதவருக்கும் பொருந்தும், சுற்றுலா வந்து பூங்காவில் தங்குகிறவருக்கும் பொருந்தும், போராட்டத்துக்காகப் புல்வெளியில் கூடாரம் போடுகிற மாணவருக்கும் பொருந்தும், அதனால் இது யாருடைய நிலைமையையும் குற்றமாக்கவில்லை என்கிறார். சுற்றுலாப் பயணிக்குப் பூங்கா இல்லாவிட்டால் ஓட்டல் இருக்கிறது, அதை விட்டுவிடுவோம்.

"வேறு வழியில்லாமல் செய்தேன்" என்று வாதாட மாநிலச் சட்டங்களில் இடம் இருக்கலாம் என்று தீர்ப்பே சொல்கிறது. ஆனால் அது அபராதச் சீட்டு கைக்கு வந்த பிறகு, கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டிய வாதம். ரேஷன் கார்டு முதல் டிரைவிங் லைசென்ஸ் வரை எல்லாம் எரிந்து போனவர் வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்பாரா என்று யோசித்துப் பாருங்கள் (ரேஷன் கார்டு அங்கே இல்லை, பழக்கதோஷம்).

ஃபுளோரிடாவில் கதை இன்னும் விசேஷம். பொது இடத்தில் வழக்கமாகப் படுக்க உள்ளாட்சிகள் அனுமதிக்கக் கூடாது என்ற மாநிலச் சட்டம் 2024 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. ஹெலீன் புயல் கரை கடந்தது செப்டம்பர் 26. அடுத்த புயல் மில்டன் அக்டோபர் 9. இரண்டுக்கும் நடுவில் சட்டம்! அவசரநிலை இருக்கும் காலத்துக்கு நிறுத்திவைக்க அதில் வழி வைத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவசரநிலை முடிகிற தேதியில் வீடு கட்டி முடிந்திருக்காது. போதாததற்கு, 2025 ஜனவரி 1 முதல் நகராட்சி கண்டும் காணாமல் விட்டால் உள்ளூர்வாசியோ கடைக்காரரோ நகராட்சி மீதே வழக்குப் போடலாம். அதனால் இரக்கப்படுகிற அதிகாரிக்கும் கை கட்டு.

சாக்ரமெண்டோ அண்ணாச்சி:

நான் கலிபோர்னியாவில் 'கேம்ப் தீ' என்று பெயர் வைத்த காட்டுத்தீயைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். 2018 நவம்பர் 8 காலையில் பாரடைஸ் ஊரில் பிடித்தது, 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. எங்கள் ஊர்வரை புகை, இரண்டு வாரம் மாஸ்க் போட்டுத்தான் வெளியே போனோம். தப்பித்தவர்களில் பலர் கீழே இருக்கும் சிகோ நகரத்துக்கு வந்தார்கள். அங்கே வால்மார்ட் கார் நிறுத்துமிடம் முழுக்கக் கூடாரம். நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து போர்வை, சாக்ஸ், ஒரு பெரிய பாத்திரத்தில் சாம்பார் சாதம் எல்லாம் கொண்டு போனோம் (சாம்பார் சாதம் கொஞ்சம் அதிகப்படிதான், ஆனாலும் காலியாகிவிட்டது). அப்போது அவர்களை யாரும் வீடற்றவர் என்று சொல்லவில்லை. "தப்பிப் பிழைத்தவர்கள்" என்றுதான் எல்லா டீவியும் சொன்னது.

அப்புறம் என்ன ஆச்சு? பாரடைஸ் வாடகை குறைந்த ஊர், ஓய்வுபெற்றவர்கள் நிறைய, மொபைல் ஹோமில் (இடம் மாற்றக்கூடிய மலிவான வீடு) இருந்தவர்கள் நிறைய. சொந்த வீட்டுக்காரருக்கு இன்சூரன்ஸ் வரும். வாடகைக்கு இருந்தவருக்கு என்ன வரும்? சிகோவில் காலி வீடே இல்லை, இருந்ததும் எட்டாத வாடகை. அரசின் பேரிடர் வீட்டு உதவி பொதுவாக 18 மாதம். அது முடிந்ததும் சிலர் காருக்கும், கார் போனதும் பூங்காவுக்கும் வந்தார்கள். முன்பு சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த ஊரிலேயே இப்போது "இந்தக் கூடாரங்களை அப்புறப்படுத்துங்கள்" என்று நகரசபையில் நின்று பேசினார்கள், அப்படிப் பேசியவர்களில் எனக்குத் தெரிந்தவரும் உண்டு, கெட்ட மனிதர் இல்லை. 2021-ல் போலீஸ் வந்து பூங்காக்களைக் காலி செய்தது, வழக்கானது. நகரம் காட்டிய மாற்று இடம் விமானநிலையத்தை ஒட்டிய வெறும் தார்த்தளம். கூரையும் சுவரும் இல்லாததைத் தங்குமிடம் என்று சொல்ல முடியாது என்று நீதிபதி தடை போட்டார். 2022 ஜனவரியில் சமரசம், 177 சிறு குடில்கள் போட்டுத் தர நகரம் ஒப்புக்கொண்டது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தீயைக் கிளப்பியது பிஜி அண்ட் இ மின்நிறுவனத்தின் பழைய கம்பி. அந்த 85-ல் 84 மரணங்களுக்குக் குற்றத்தை 2020-ல் ஒப்புக்கொண்டது, அபராதம் கட்டியது, ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. போர்வைக்கு 30 நாள்!

வாய்தா வக்கீல்:

அண்ணாச்சி சொன்ன சிகோ வழக்கில் ஒரு முக்கியமான விஷயம். தங்குமிடங்களில் படுக்கை காலியில்லாத ஊரில் வெளியே தூங்குகிறவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2018-ல் ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகர வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை வைத்துத்தான் அந்தத் தடை கிடைத்தது. கிராண்ட்ஸ் பாஸ் தீர்ப்பு சாய்த்தது அதைத்தான். இன்று இன்னொரு பாரடைஸ் எரிந்தால் அந்தக் கத்தி கையில் இல்லை.

கருவேலம்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். ஊர்க்காரர்களின் பயத்தையும் பாருங்கள். 2020 செப்டம்பர் 8-ல் அல்மேடா என்ற காட்டுத்தீ அதே ஓரிகானில் டேலன்ட், ஃபீனிக்ஸ் ஊர்களில் 2,000-க்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது, ஓடையை ஒட்டிய பசுமைப் பாதை வழியாகத்தான் பரவியது. அந்தப் பாதையில் கூடாரம் போட்டு அடுப்பு மூட்டுகிறார்கள். பக்கத்து மெட்ஃபோர்ட் நகரம் 2021-ல் தீப்பருவத்தில் அங்கே தங்கக் கூடாது என்று விதி போட்டதில் என்ன தப்பு?

செங்கல்சூளை:

கருவேலம், அடுப்பு மூட்டாதே என்று விதி போட்டால் நானும் கைதூக்குவேன். ஆனால் அல்மேடாவில் எரிந்ததில் பெரும்பகுதி மொபைல் ஹோம்கள், குறைந்த வருமானக் குடும்பங்கள். அவர்களில் ஒருவர் அதே பாதையில் வந்து படுத்தால் அவரைத் தீயில் பாதிக்கப்பட்டவர் என்பீர்களா, தீ அபாயம் என்பீர்களா?

கருவேலம்:

இரண்டும்தான். அதுதான் சிக்கல், ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு முதலில் ஒரு இடம் காட்டிவிட்டு விதி போடலாம்.

பழைய பம்பாய்:

தாமதமாக வருகிறேன். நம் பக்கமும் இது புதிதல்ல. 1981 ஜூலையில், கொட்டும் மழையில், மகாராஷ்டிர முதல்வர் அந்துலே நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்திச் சொந்த ஊருக்கே அனுப்பப் போவதாக அறிவித்தார். அதை எதிர்த்து நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதுதான் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, ஊரில் வறட்சி வந்து வேலை போய் 1961-ல் பம்பாய் போனவர். நாள் கூலி 23 ரூபாய், நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட் குடிசைக்கு ஒரு குடிசை முதலாளியிடம் 2,500 ரூபாய் அழுதவர், மனைவியும் மூன்று மகள்களும் அதில்தான். அதே வழக்கில் வேறு சிலர் இருந்த குடியிருப்பின் பெயர் காமராஜ் நகர்.

1985 ஜூலையில் வந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று. அதே தீர்ப்பு மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை பொறுத்துவிட்டுக் குடிசையைப் பிரிக்கலாம் என்றும் சொன்னது. அந்தப் பக்கத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. வறட்சியும் பேரிடர்தானே, ஆனால் 20 வருடம் கழித்து அவரை யாரும் வறட்சியில் வந்தவர் என்று கணக்கெடுக்கவில்லை, ஆக்கிரமிப்பாளர் என்றுதான் மாநகராட்சி பார்த்தது.

சாக்ரமெண்டோ அண்ணாச்சி:

சேலமா? எங்கள் ஊர். அந்தத் தீர்ப்பை இன்றே தேடிப் படிக்கிறேன்.